பத்தேமுக்கால்

வடசேரிக் கடையில் பல்பு கேட்டபோது
நூறு, தொண்ணூறு என்று எடுத்து வைத்தான்.
அறுபது, ஐம்பத்தைந்தில் ஓடிக்கொண்டிருந்தவன் நான்.
பழைய சோடியைக் கழற்றி
புதுசின் அட்டைப்பெட்டிக்குள் போட்டு
டாஷ்போர்டில் தள்ளினேன்,
பெர்மிட்டுக்கும் அல்சர் மாத்திரைக்கும் நடுவில்.

முதல் ராத்திரி கொள்ளாம்.
குளச்சலில் சாளை ஏற்றிக் கிளம்பி
திங்கள்நகர் தாண்டியதும்
வாழைகள் இலை இலையாக எழுந்து நின்றன.
"லே கிளீட்டஸ், இது லைட்டு இல்ல,
கோயில் திருவிழாவாக்கும்" என்றான் சேவியரடிமை.

எதிரே பால்கேன் கட்டிய டிவிஎஸ்காரர்
ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து
முகத்துக்கு நேரே பிடித்தார்,
சாரலுக்குப் பிடிப்பதுபோல.
டிம் அடித்தேன்.
டிம்மும் தொண்ணூறு.

இரண்டாம் நாள் நீல ஃபியூஸ் போயிற்று.
பதினைந்து தாங்காது என்றார்கள்.
பச்சை போட்டேன், முப்பது.
அது போகவே இல்லை.
நல்ல ஃபியூஸ் என்று நினைத்தேன்.

ஆனி மாதம். முப்பந்தலில்
காற்று வண்டியைத் தோளால் இடிக்கிற இடம்.
ஸ்டியரிங் பக்கத்து லைட் தண்டு
சாயா கிளாஸ்போலச் சுட்டது.
ஒரு வாடை.
கருவாடு என்றான் அடிமை.
ஏற்றி இரண்டு மணிநேரத்தில் கருவாடா லே என்று
கேட்டு முடிக்கவில்லை,
இரண்டு கண்ணும் ஒன்றாய் அவிந்தன.

வளைவை என் கைதான் அறிந்திருந்தது.
பிரேக்.
பின்னால் ஐஸ் சொட்டும் சத்தம்,
மேலே காற்றாலை இருட்டை அரிகிற சத்தம்,
காலருகே
சிவப்பாய் ஒரு புழு
வயர் மேல் ஊர்ந்தது.

அடிமை பேட்டரிக் கிளாம்பை வெறுங்கையால் பிடுங்கினான்.
வந்துவிட்டது.
மாசக்கணக்காய் முறுக்காமல் நான் விட்டிருந்த கிளாம்ப்.
என் சோம்பல் என்னைக் காப்பாற்றியதென்று
வீட்டில் சொல்லவில்லை.

பிச்சிப்பூ டெம்போ ஒன்று கயிறு கட்டித்
தோவாளைவரை இழுத்துவந்தது.
தங்கபுஷ்பம் ஷட்டரைத் தூக்கும்போது மணி ஆறு.
வயரை உருவிப் போட்டாள்.
எது சிவப்பு எது பச்சை என்றில்லாமல்
அல்வாத் துண்டாய் ஒட்டிக் கிடந்தது.

"ஃபியூசு காவல் நிக்கது வயருக்கு, பல்புக்கில்ல.
முப்பது வரட்டும்ணு இது காத்துக்கிட்டு இருந்திருக்கு.
அதுக்குள்ள வயரு வெந்தாச்சு.
எதுக்கு மாத்துனீங்க?"

பழசு மங்கல் என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை.
டிம் வயர் மட்டும் தப்பியிருந்தது.
அதில் என் பழைய பல்பை மாட்டினாள்,
எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தாள்.
பேட்டரியில் பதிமூன்றரை.
பல்பின் வாசலில்
பத்தேமுக்கால்.

எனக்கு இது தெரிந்த கணக்குதான்.
ஏலத்தில் கூவிய விலை ஒன்று,
மரக்காரன் மடியில் விழுவது ஒன்று.
கமிஷன், கூலி, ஐஸ், பழைய கடன்.
வழியிலேயே தீர்ந்துபோகிற துட்டுபோல
என் வெளிச்சமும்
நூல் வயரிலும் துருப்பிடித்த எர்த்திலும்
பத்து வருடப் பழைய சுவிட்சிலும்
தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது.
நான் பல்பைத் திட்டியிருக்கிறேன்.

ரிலே இரண்டு. தடித்த வயர் நாலு மீட்டர்.
பேட்டரியை ஒட்டியே ஒரு நீல ஃபியூஸ்.
எர்த்துக்குப் பெயிண்ட் சுரண்டிப் புது போல்ட்.
இனி சுவிட்ச் சேதி சொன்னால் போதும்,
சுமை வேறு வழியில் போகும் என்றாள்.
மாட்டியது என் பழைய சோடியைத்தான்.
நூறு, தொண்ணூறைத் துணியில் சுற்றிக் கையில் தந்தாள்.
கடைக்காரன் திரும்ப எடுக்கமாட்டான் என்பது
அவளுக்கும் தெரியும்.

அன்றைய சாளை கோழித்தீவனத்துக்குப் போயிற்று.

மறுநாள் ராத்திரி வாழைகள் எழுந்து நின்றன,
அன்றைய அளவுக்கு இல்லை,
ஆனால் குழி தெரிந்தது, நாய் தெரிந்தது,
வெள்ளைக்கோடு தெரிந்தது.
டிவிஎஸ்காரரைத்தான் இதுவரை காணவில்லை.
வேறு பாதையில் போகிறாரோ என்னவோ.
பால்கேன் கட்டிய எந்த வண்டி எதிரே வந்தாலும்
தூரத்திலேயே டிம் அடித்து
அந்தக் கையைப் பார்க்கிறேன்.